வர்க்கப்படுத்தினால் குறி போச்சு

காட்டாங்குளத்தூர், பொத்தேரி நிலையங்களில் காலை மின்ரயிலிலிருந்து இறங்கும் பொறியியல் மாணவர்களிடம் √(அ + 7) = அ − 5 என்று எழுதிக் கொடுங்கள். யோசிக்காமல் இருபுறமும் வர்க்கப்படுத்துவார்கள். அ + 7 = அ² − 10அ + 25; அதாவது அ² − 11அ + 18 = 0. காரணிப்படுத்தினால் 9, 2. இதோடு பேனாவை மூடிவிட்டால் மார்க் குறையும்.

9-ஐப் போட்டுப் பாருங்கள்: √16 = 4, 9 − 5 = 4. சரி. 2-ஐப் போட்டால் இடப்பக்கம் √9, அதாவது 3, வலப்பக்கமோ −3. உதைக்கிறது. வழிமுறையில் பிழை எதுவும் இல்லையே, இந்த 2 எப்படி வந்தது? 3-இன் வர்க்கமும் 9, −3-இன் வர்க்கமும் 9. வர்க்கப்படுத்திய கையோடு குறி அழிந்துபோகிறது. √(அ + 7) = 5 − அ என்ற வேறொரு சமன்பாட்டின் விடை அந்தச் சந்தில் டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொள்கிறது. ‘சரிபார்த்தல்’ என்று கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்லும் வகுப்புகளில் இந்தக் காரணத்தையும் சொல்லிவிட்டால் நல்லது.

மூலத்தைக் களைவதுதான் நம் வழக்கம். ராமானுஜன் ஏற்றிக்கொண்டே போனார். 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் போட்ட கேள்வி: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? மாதங்கள் கடந்தும் வாசகர் யாரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3.

3 = √9 = √(1 + 2×4). அந்த 4 = √16 = √(1 + 3×5). அந்த 5 = √25 = √(1 + 4×6). இப்படியே உள்ளே போகலாம்.

அழகுதான். ஆனால் 4-ஐ வைத்தும் இதே வித்தையைக் காட்டலாம்: 4 = √16 = √(1 + 2×7½), 7½-ஐயும் மூலத்துக்குள் தள்ளலாம். அப்படியானால் விடை 4 ஏன் இல்லை? அடுக்கை ஆங்காங்கே வெட்டிக் கணக்கிட்டால் தெரியும்: √(1 + 2) சுமார் 1.73, அடுத்தது 2.24, அதற்கடுத்தது 2.56. ஏறி ஏறி 3-ஐ நெருங்குமே தவிர, தாண்டாது.

இத்தகைய மூல அடுக்குகளில் எது ஓர் எண்ணில் போய் நிற்கும், எது நிற்காது என்பதற்கான நிபந்தனையைப் பின்னாளில் நிறுவியவர் திருக்கண்ணபுரம் விஜயராகவன், சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர்.