மலைக்கொல்லையில் தங்குவோர்க்குச் சுத்தமான குடிஜலம்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறுகிறவர்கள் பலதிறத்தினர். சாமைக் கொல்லையில் காவலுக்காகப் பரண் கட்டித் தங்குகிறவர்கள், புளி உலுக்கப் போகிறவர்கள், கால்நடைகளை ஓட்டிச்சென்று மேய்ச்சலிடத்தில் பட்டி போடுகிறவர்கள், அண்மைக்காலத்தில் கூடாரமடித்து இரண்டொரு நாள் கழிக்க வரும் பட்டணத்தார் ஆகிய யாவரும் அரிசி, பருப்பு, அரிவாள், போர்வை என ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து வைக்கின்றனர். குடிஜலத்தை மாத்திரம், “மேலே ஓடை இருக்கிறது” என்று கருதி விட்டுவிடுகின்றனர்.

ஒரு குடியானவர் நான்கு ஆட்களுடன் அறுவடைக்குச் சென்று தங்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் அவர்களில் இருவர்க்குப் பேதி கண்டால், ஒருவர் நோயாளிகளுடன் மலையிறங்க நேரிடும். முற்றிய கதிர் கொல்லையில் உதிரும். கூலியும் நாளும் வீண். கூட வந்த குழந்தைக்குப் பேதி கண்டாலோ உயிருக்கே அபாயம். சில நிமிஷ வேலையால் தவிர்க்கக்கூடிய நஷ்டம் இது.

தெளிந்த நீரெல்லாம் சுத்தநீர் அன்று

பளிங்குபோல் ஓடும் ஓடையின் மேற்புறத்தில் மாடு இறங்கியிருக்கலாம், மனிதர் காலைக்கடன் கழித்திருக்கலாம். வாந்திபேதி, விஷக்காய்ச்சல், சீதபேதி ஆகியவற்றின் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படா.

1892-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் எல்பே நதிக்கரையிலுள்ள ஹாம்பர்க் நகரத்தார் ஆற்றுநீரை வடிகட்டாமல் பருகிவந்தனர். அதனை அடுத்துக் கீழ்ப்புறத்திலிருந்த அல்டோனா நகரத்தார், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த அதே நீரை மணலில் வடிகட்டிப் பருகினர். அவ்வாண்டு பரவிய வாந்திபேதியில் ஹாம்பர்க்கில் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. சென்னையிலும் 1914-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் இத்தகைய மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அப்பெரிய வடிகட்டிகளில் மணலின் மேற்பரப்பில் நாளடைவில் உண்டாகும் உயிருள்ள மெல்லிய படலமே கிருமிகளைத் தடுக்கிறது. காலையில் பானையில் மணலும் கரியும் இட்டு மாலையில் வடிக்கும் நீரில் கலங்கலும் நாற்றமும் குறையுமேயன்றிக் கிருமி ஒழியாது.

நீரெடுக்கும் இடம்

தங்குமிடத்துக்கும் பட்டிக்கும் மேற்புறத்தில் நீர் எடுக்கவேண்டும். ஓடையில் நேராக முகப்பதைவிட, கரையிலிருந்து சற்றுத் தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டி, முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துவிட்டுப் பின்னர் ஊறுவதை எடுப்பது மேல். மழை பெய்தவுடன் வரும் செந்நீரைக் குடிக்க எடுத்தலாகாது.

தெளியவைத்தலும் வடிகட்டலும்

கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைக்கும் நம்முடைய பழைய வழக்கம் பொருளற்றதன்று. அதன் சத்து மண்துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்கிறது. முற்றிய முருங்கை விதையின் பருப்பைத் தூளாக்கிக் கலக்கினாலும் இதே பலன் கிட்டும். ஆயினும் விதைச்சத்து நீரில் தங்குவதால் அந்நீரை ஒரு நாளுக்குமேல் வைத்தலாகாது.

அடுத்து, தெளிந்த நீரைப் பழைய பருத்திச் சேலைத் துணியை நான்காக மடித்து வடிகட்டவேண்டும். வங்காளதேசத்துக் கிராமங்களில் நடந்து 2003-இல் வெளியான ஆராய்ச்சியில், இம்முறையால் வாந்திபேதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நரம்புச் சிலந்தி நோய் 1996-க்குப் பின் இந்தியாவில் காணப்படாமற்போனதற்கு, படிக்கிணறுகளைத் திருத்தியதுடன் துணியால் வடிகட்டியதும் ஒரு காரணம்.

கிருமியைக் கொல்லுதல்

வடிகட்டிய நீர் நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். காவலூர் வானாய்வு நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் நீர் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதிப்பினும் கிருமிகள் சாகும். ஆனால் திறந்த அடுப்பில் ஒரு லிட்டர் நீர் கொதிக்க ஏறத்தாழ ஒரு கிலோ விறகு செல்லும். ஆளுக்கு 4 லிட்டர் வீதம் ஐவர்க்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் வேண்டும். ஆகையால் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் உரியதைக் காய்ச்சிக்கொண்டு, மற்றவர்க்குக் குளோரின் மாத்திரையைப் பொட்டலத்தில் எழுதிய அளவுப்படி கரைத்து அரைமணி நேரம் பொறுத்துக் குடிப்பது சிக்கனம். கலங்கல் நீரில் குளோரினின் வலிமை வீணாகும். ஆதலால் வடிகட்டிய பின்னரே மாத்திரை இடவேண்டும்.

இவ்விரண்டும் இல்லாதபோது, நிறமற்ற சுத்தமான பிளாஸ்டிக் புட்டிகளில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் கிடத்தலாம். மேகமூட்டமாயின் தொடர்ந்து இரண்டு நாள் வேண்டும்.

சேமித்தல்

சுத்தமாக்கிய நீர் பெரும்பாலும் கையாலேயே மீண்டும் கெடுகிறது. வாய் குறுகிய குடத்தில் மூடி வைத்துச் சாய்த்து ஊற்றவேண்டும், அல்லது நீண்ட காம்புள்ள அகப்பையால் முகக்கவேண்டும். டம்ளரையும் கையையும் உள்ளே விடலாகாது. பூச்சிமருந்து இருந்த டப்பாவையும் பீப்பாயையும், எத்தனைமுறை கழுவினும், குடிநீருக்கு உபயோகிக்கவே கூடாது.

கொதித்தலாலும் குளோரினாலும் கிருமிகள் சாகுமேயன்றி, உப்பும், பூச்சிமருந்தும், தோல் பதனிடும் கழிவின் குரோமியமும் நீங்கா. கொதிக்கக் கொதிக்க நீர் சுண்டி அவற்றின் செறிவு மிகும். அத்தகைய நீரை விலக்குவதே வழி.

கிராம அதிகாரிகளுக்கு

மலையேறுவோர் நீர் நிரப்பிக்கொள்ளும் அடிவாரத்துக் கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் இடுவித்தல் நலம். 1,000 லிட்டர்க்குச் சுமார் 2.5 கிராம் என்பது பொதுக்கணக்கு. 2 மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்குச் சுமார் 24 கிராம் தூளை வாளிநீரில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கவேண்டும். ஒரு மணி நேரம் நீர் இறைக்கலாகாது. தூளைக் காற்றும் ஈரமும் வெயிலும் படாமல் மூடிவைத்தல் வேண்டும். இல்லையேல் வலிமை இழந்துவிடும்.

எவர்க்கேனும் பேதி கண்டால், ஒரு லிட்டர் சுத்தநீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கரைத்து அடிக்கடி புகட்டியவாறு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

ஒரு பழைய சேலைத்துண்டு, ஒரு மூடியுள்ள குடம், ஒரு பொட்டலம் மாத்திரை ஆகிய மூன்றும் தலைச்சுமையில் பாரமாகா. அடுத்தமுறை ஆட்களை மலைக்கு அனுப்பும் நிலச்சுவான்தார்கள் அரிவாளை எடுத்துக்கொடுக்கும்போதே இவற்றையும் எடுத்துக்கொடுப்பார்களாக.