ஆறணா முதலில் எழுந்த நிறுவனம்

மயிலாப்பூரில் என் வீட்டுக்கு எதிரே பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுகிறார்கள். அங்கே கம்பி கட்டும் ஜார்க்கண்ட் இளைஞரிடம், 'உங்கள் முதலாளி யார்?' என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். ஊரிலிருந்து தம்மை அழைத்துவந்த மேஸ்திரியின் பெயரைச் சொன்னார். நிறுவனத்துக்கும் அவருக்கும் இடையே இரண்டு மூன்று உள் ஒப்பந்தக்காரர்கள். ஒவ்வொரு கையிலும் கூலியில் சிறிது கழிகிறது. விபத்து நேர்ந்தால் பொறுப்பும் அப்படியே கைமாறிக் கரைந்துவிடும்.

ஊழியர்களுக்குச் சொந்தமான கட்டுமான நிறுவனம் என்றதும் சென்னையில் பலர் மணப்பாக்கத்தைச் சுட்டுவர். இரு டென்மார்க் பொறியாளர்கள் 1938-இல் பம்பாயில் தொடங்கிய எல் அண்ட் டி-யின் கட்டுமானப் பிரிவுக்கு அங்குதான் தலைமையகம். முதலில் ரிலையன்ஸும், 2001-இல் பிர்லா குழுமமும் அதன் பங்குகளை வாங்கியபோது நிறுவனமே கைமாறிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 2003-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சிமென்ட் தொழில் பிர்லா குழுமத்துக்குச் சென்றது. அக்குழுமத்திடம் இருந்த பங்குகள் ஊழியர் அறக்கட்டளைக்கு வந்தன. இன்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அந்த அறக்கட்டளையின் வசம் உள்ளது. நிறுவனத்தைக் காத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்தப் பங்குகளுக்கு உரிய வாக்கை அளிப்பவர்கள் அறங்காவலர்கள். கம்பி கட்டுபவர் அல்லர்.

கம்பி கட்டுபவரே வாக்களிக்கும் நிறுவனத்தைக் காண விரும்பினால், சென்ட்ரலில் மங்களூர் மெயில் ஏறி மறுநாள் காலை வடகரையில் இறங்க வேண்டும். கோழிக்கோடு மாவட்டத்தின் அந்தப் பகுதியில்தான் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சாதிக் கொடுமையை எதிர்த்த வாக்படானந்தரைப் பின்பற்றியதற்காக அவ்வூர்க் கூலித் தொழிலாளர்களுக்கு நிலக்கிழார்கள் வேலை மறுத்தனர். வேலை தர ஆளில்லை என்றால் நாமே ஒப்பந்தம் எடுப்போம் என்று 14 பேர் கூடி, ஆறணா முதலோடு 1925-இல் சங்கத்தைத் தொடங்கினர். பொருளியல் பாடநூல்களில் தொழில்முனைவு பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். வேலை மறுக்கப்பட்டவரின் தொழில்முனைவுக்கு அவற்றில் அதிக இடமில்லை.

நூறாண்டைக் கடந்த அச்சங்கத்தில் இன்று பல்லாயிரம் பேர் பணிபுரிகின்றனர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. இயக்குநர்களைத் தொழிலாளர்களே தம்மிலிருந்து தேர்ந்தெடுக்கின்றனர். அவர்கள் பணித்தளங்களில் நேரடியாகப் பொறுப்பேற்று, அன்றாடம் கூடி அடுத்த நாள் வேலையைப் பங்கிடுகின்றனர். உள் ஒப்பந்தம் என்ற ஏணி இல்லாததால், கலவையில் சிமென்ட்டைக் குறைத்து எவரும் லாபம் பார்க்க வழியில்லை. கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் திறந்த மூன்றாண்டுக்குள் பழுதாகி 2019-இல் மூடப்பட்டது. டெல்லி மெட்ரோவின் மேற்பார்வையில் அதைச் சீரமைத்தவர்கள் ஊராளுங்கல் தொழிலாளர்கள்; ஆறு மாதத்துக்குள் வேலை முடிந்து, 2021 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது. காசர்கோட்டில் தலப்பாடி முதல் செங்களை வரை 39 கி.மீ. தேசிய நெடுஞ்சாலைப் பணியையும் போட்டியிட்டே பெற்றார்கள்.

குறைகளும் உண்டு. கேரள அரசுப் பணிகளில் கூட்டுறவுகளுக்குத் தரப்படும் விலைச் சலுகை நியாயமற்றது என்பது தனியார் ஒப்பந்தக்காரர்களின் புகார். அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வட மாநிலங்களிலிருந்து வந்து அங்கு உழைக்கும் பலர் உறுப்பினர் அல்லர். ஒதுக்கப்பட்டவர்கள் உருவாக்கிய சங்கத்திலும் வாசலுக்கு வெளியே சிலர் நிற்கிறார்கள்.

கூட்டுறவு நமக்கு அயலானதன்று. திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-லேயே தோன்றிவிட்டது. ஊராளுங்கலுக்கு 21 ஆண்டு மூத்தது. பிற்காலத்தில்தான் தமிழகக் கூட்டுறவுகளை, தேர்தலே நடத்தாமல், அரசின் தனி அலுவலர்கள் ஆண்டுக்கணக்கில் நிர்வகிக்கும் வழக்கம் வேரூன்றியது. ஆட்சிகள் மாறின, அந்த வழக்கம் எளிதில் மாறவில்லை. உறுப்பினர் வாக்களிக்காத சங்கத்தில் ஒரு மேஸ்திரியோ கொத்தனாரோ சித்தாளோ எந்த நம்பிக்கையில் தம் சேமிப்பைப் போடுவார்?