விடை மட்டும் போதாத தேர்வு

ஏதாவது ஐந்து முழு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். 4, 7, 10, 12, 20 என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் 4, 7, 10 மூன்றையும் கூட்டினால் 21. அது மூன்றால் மீதியின்றி வகுபடும். எண்களை மாற்றிப் பாருங்கள். எந்த ஐந்தை எடுத்தாலும், கூட்டுத்தொகை மூன்றால் வகுபடும்படி மூன்று எண்கள் அதற்குள் கட்டாயம் இருக்கும். பத்து முறை செய்து பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும். ஆனால், எப்போதும் அப்படித்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

கணக்கில் ஆர்வமுள்ள பிளஸ் டூ மாணவி ஒருவர் இப்படி எழுதலாம்: எந்த எண்ணையும் மூன்றால் வகுத்தால் மீதி 0, 1, 2 ஆகியவற்றில் ஒன்றுதான். ஐந்து எண்களுக்குள் இந்த மூன்று மீதிகளும் வந்துவிட்டால், வகைக்கு ஒன்றாக எடுத்துக் கூட்டலாம். மீதிகளின் கூட்டல் 3. ஆகவே அந்த மூன்று எண்களின் கூட்டுத்தொகை வகுபட்டுவிடும். ஏதோ ஒரு மீதி வரவேயில்லை என்றால் ஐந்து எண்களும் இரண்டே வகைக்குள் அடங்கியாக வேண்டும். அப்போது ஒரு வகையில் குறைந்தது மூன்று எண்கள் இருக்கும். ஒரே மீதி கொண்ட மூன்றைக் கூட்டினால் மீதிகளின் கூட்டல் 0 அல்லது 3 அல்லது 6. அதுவும் வகுபடும். இனி விடுபட்ட வாய்ப்பு எதுவுமில்லை.

இதில் சூத்திரம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியும். ஆனாலும் பிளஸ் டூ கணிதத்தில் சென்டம் வாங்கிய பலர் இந்த நாலு வரியை எழுதத் திணறுவார்கள். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் விடையைக் கேட்டவர்கள் உண்டு. ‘ஏன் எப்போதும் அப்படி?’ என்று கேட்டு, காரணத்தைக் கோர்வையாக எழுதச் சொன்னவர்கள் அரிது. நாட்டில் கணிதம் படிக்கச் சிறந்த இடங்கள் என்று பெயர் பெற்றவை தங்கள் வாசலில் வைத்துக் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

அப்படி ஓர் இடம் சென்னையிலேயே இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில், சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவுக்குள், மென்பொருள் நிறுவனங்களின் பெரிய கட்டடங்களுக்கு நடுவே அடக்கமாக நிற்கிறது சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட். சுருக்கமாக சி.எம்.ஐ. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் தேடி வருகிற நிறுவனம் இது. ஓ.எம்.ஆரில் தினமும் பேருந்தில் போய்வருகிற பல குடும்பங்களுக்கு இந்தப் பெயரே தெரியாது என்பது வருத்தமான விஷயம்.

இதை நிறுவியவர் சி.எஸ். சேஷாத்ரி. 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்து, செங்கல்பட்டில் வளர்ந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பாரிசில் எலி கார்தான் என்ற பெரிய கணிதவியலாளரிடம் ஆய்வு செய்துவிட்டு இந்தியா வந்தவர் அவர். பாடப்புத்தகத்துக்கு வெளியே கணிதம் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத் தன் மாணவர்களுக்குக் காட்டி, அவர்களில் சிறந்தவர்களை பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். 1953-இல் அப்படிப் போனவர்கள் சேஷாத்ரியும், வட ஆர்க்காட்டுத் தண்டரையைச் சேர்ந்த எம்.எஸ். நரசிம்மனும். இருவரும் சேர்ந்து 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ஓர் ஆசிரியர் சரியான நேரத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வலு இருந்திருக்கிறது.

1989-இல் ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளைக்குள் ஒரு கணிதப் பள்ளியாகத்தான் சேஷாத்ரி இதைத் தொடங்கினார். ஆய்வாளர்கள் மட்டும் இருந்தால் போதாது, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அந்த ஆய்வாளர்களே பாடம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1998-இல் இளநிலைப் படிப்பு தொடங்கியபோது பட்டம் கொடுக்கும் அதிகாரம்கூட நிறுவனத்துக்கு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் பட்டம் வழங்கினார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி 2006-இல் வந்தது. அதுவரை, பட்டத்தாளில் இருக்கும் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் பாடத்தை மட்டும் நம்பிச் சேர்ந்த அந்த முதல் மாணவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

இங்கே கணிதத்தோடு கணினி அறிவியலோ இயற்பியலோ சேர்த்துப் படிக்கும் இளநிலை ஆனர்ஸ் படிப்புகள் உண்டு. பொறியியல் கட் ஆஃப் இங்கே செல்லாது. வழக்கமாக மே மாதத்தில் நாடு முழுவதும் நடக்கும் நுழைவுத் தேர்வுதான் முக்கிய வழி. விண்ணப்பம் அதற்குச் சில வாரங்கள் முன்பு இணையதளத்தில் திறக்கும். பொதுத்தேர்வு, ஜே.இ.இ. பரபரப்பில் அந்தத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

வினாத்தாள் இரண்டு பகுதி கொண்டது. முதல் பகுதியில் விடையை மட்டும் குறித்தால் போதும். இரண்டாம் பகுதியில் சில கணக்குகள்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முழு வாதத்தையும் எழுத வேண்டும். முதல் பகுதியில் குறிப்பிட்ட அளவு மதிப்பெண் வாங்கியவர்களின் இரண்டாம் பகுதித் தாளைத்தான் திருத்துவார்கள். பாதி வழி வந்த நல்ல யோசனைக்கும் மதிப்பெண் உண்டு. இயற்கணிதம், எண்ணியல், சேர்ப்பியல், வடிவியல், நுண்கணிதம் என்று பள்ளியில் காதில் விழுந்த தலைப்புகள்தான். கேட்கும் விதம் வேறு. ஒரு சார்பின் வகைக்கெழுவைக் கண்டுபிடி என்பதோடு நிறுத்தாமல், அதை வைத்து இந்தச் சமன்பாட்டுக்கு இத்தனை தீர்வுகள்தான் இருக்க முடியும் என்று நிறுவச் சொல்வார்கள்.

இதே குணம் கொண்ட இன்னொரு தேர்வு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தினுடையது. 1931-இல் கல்கத்தாவில் மகலநோபிஸ் தொடங்கிய ஐ.எஸ்.ஐ.யில் புள்ளியியல் இளநிலை கொல்கத்தாவிலும் கணித இளநிலை பெங்களூரிலும் உண்டு. அதன் கொள்குறித் தாளில் பல ஆண்டுகளாக ஒரு விதி இருந்துவருகிறது: சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 0, தொடாமல் விட்டதற்கு 1. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைப்பவருக்கும் அங்கே மதிப்பெண் கிடைக்கும். குருட்டாம்போக்கில் குறித்துத் தவறினால் அதுவும் போய்விடும். அடுத்து வரும் விளக்கத் தாளில் மறுபடியும் நிரூபணம்தான்.

வெளிநாட்டிலும் கதை இதுதான். கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்க விண்ணப்பிக்கும் மாணவருக்குப் பள்ளி மதிப்பெண்ணும் நேர்காணலும் தாண்டி ‘ஸ்டெப்’ என்ற தேர்வு காத்திருக்கிறது. மூன்று மணி நேரத் தாளில் 12 வினாக்கள். நன்றாகச் செய்த ஆறை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அதாவது ஒரு கணக்குக்கு அரை மணி நேரம். ஒரு கணக்கை ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிக்கப் பழகிய பிள்ளைக்கு, ஒரே தாளை முப்பது நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது முதலில் பதற்றத்தையே தரும். அந்தப் பதற்றத்தோடு பழகுவதுதான் உண்மையான தயாரிப்பு.

எப்படிப் பழகுவது? சி.எம்.ஐ. தன் பழைய வினாத்தாள்களை இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பல தாள்களுக்கு விடைகளும் உண்டு. ‘ஸ்டெப்’ கணக்குகளை விளக்கி ஸ்டீபன் சிக்லோஸ் எழுதிய புத்தகமும் இணையத்தில் இலவசம். ஐ.எஸ்.ஐ. கணக்குகளின் தொகுப்பு ஒன்று பல ஆண்டுகளாகக் கடைகளில் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் சேர வேண்டிய கோச்சிங் எதுவும் இதற்கு அவசியமில்லை. வாரத்துக்கு நான்கைந்து கணக்குகள் போதும். ஆனால், விடையைப் புரட்டிப் பார்க்காமல் ஒரு கணக்கோடு இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டும். பிறகு அதைச் சுத்தமாக எழுதி, கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ‘இதில் எங்கே ஓட்டை இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். தனியாகப் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

நம் பாடப்புத்தகத்திலேயே இதற்கான விதை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் கணிதத் தொகுத்தறிதல் ஒரு பாடம். ஒன்றுக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை, ஆகவே எல்லாவற்றுக்கும் உண்மை என்ற அந்த அழகான வாதத்தை, மூன்று படிகளை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் என்று நகர்த்திவிடும் வகுப்புகள் உண்டு. அங்கே ஒரு பத்து நிமிடம் நின்று ‘ஏன் இது செல்லும்?’ என்று பேசினால் பாதி வேலை முடிந்தது.

பள்ளிக் காலத்திலேயே தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒலிம்பியாட் படிக்கட்டு இருக்கிறது. முதல் சுற்றில் 30 வினாக்கள். விடைகள் எல்லாம் முழு எண்கள். அதில் தேறினால் வட்டாரச் சுற்று, பிறகு தேசியச் சுற்று. அங்கெல்லாம் நிரூபணம் எழுத வேண்டும். தேசியச் சுற்றில் சிறப்பாகச் செய்தவர்களுக்கு இந்த நிறுவனங்களில் தனிச் சலுகை கிடைப்பதும் உண்டு. சென்னையை மையமாகக் கொண்டு 1965 முதல் இயங்கிவரும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் இளம் வகுப்புகளிலிருந்தே திறனறி தேர்வுகள் நடத்துகிறது. அந்தச் சங்கத்துக்காக உழைத்த பி.கே. சீனிவாசன், சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கியதும் அவர்தான்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு மொழி ஒரு தடைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. சி.எம்.ஐ. வினாத்தாள் ஆங்கிலத்தில் வருகிறது. ஆனால் ஒரு நிரூபணத்துக்குத் தேவையான ஆங்கிலம் மிகச் சிறியது. ‘என்று கொள்வோம்’, ‘ஆகவே’, ‘இது முரண்பாடு’ என்பதற்கான சில சொற்றொடர்கள் கைவந்தால், மீதியைக் குறியீடுகள் பார்த்துக்கொள்ளும். ஆறு மாதம் பழைய தாள்களை வாசித்தால் அந்தச் சொற்கள் தாமாகவே படிந்துவிடும்.

வீட்டில் எழும் கேள்வி வேறு: கணக்குப் படித்தால் வேலை கிடைக்குமா? இங்கே படித்தவர்களில் கணிசமானோர் இந்தியாவிலும் வெளிநாட்டிலும் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் மென்பொருள், தரவு அறிவியல், நிதித் துறைகளுக்கு. ஆகவே அந்தக் கவலை பெரிதாக வேண்டாம். கவலைப்பட வேண்டியது இன்னொன்று. பொறியியலில் இடம் கிடைக்காததற்கு மாற்றாக மட்டும் இங்கே சேர்கிற பிள்ளைக்கு முதல் ஆண்டே கடினமாக இருக்கும். பள்ளியில் எப்போதும் முதலிடம் வாங்கியவர்களே அங்கே ஒரு வீட்டுப்பாடக் கணக்கில் பல நாள் சிக்கி நிற்பார்கள். அப்படிச் சிக்கி நிற்பதில் மகிழ்ச்சி காண்கிறவர்களுக்கான படிப்பு இது.

இடம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. சாதாரணக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு முதுநிலைக்கு சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ., ஐ.ஐ.டி.க்களுக்கு எழுதலாம். அப்படிப் படிக்கிற மாணவர்களுக்காகவே 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். என்ற கோடைக்காலப் பயிற்சி முகாம், வகுப்பில் கேள்வி கேட்கவே கூச்சப்படுகிற பிள்ளைகளைப் பேசவைப்பதற்குப் பெயர் பெற்றது.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் விடை வந்த பிறகும் ‘இது எப்போதும் சரியா சார்?’ என்று கேட்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். சி.எம்.ஐ.யின் பழைய வினாத்தாள் ஒன்றை அச்செடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். பிளஸ் ஒன்னிலேயே கொடுங்கள். பிளஸ் டூவின் ஏப்ரல் மாதம் வரை தள்ளிப்போட்டால் காலம் போதாது.