புழுவின் காவலும் குளவியின் தந்திரமும்

புழு என்றதும் மருந்துக் கடையை நினைப்பது நம் அங்கத்தினர்களுக்கு இயல்பாகிவிட்டது. பாஞ்சாலங்குறிச்சி, கோவில்பட்டி வட்டாரக் கரிசற்காடுகளில் பருத்தியைக் காய்ப்புழுவும், 2018ஆம் ஆண்டு முதல் மக்காச்சோளத்தைப் படைப்புழுவும் வாட்டுகின்றன. மழையை நம்பி விதைப்பவர் கடன் வாங்கித் தெளிக்கும் மருந்து, அவருக்காகக் கூலியின்றி உழைக்கும் ஒரு துணையையும் கொன்றுவிடக்கூடும்.

அத்துணை, காம்ப்போலெட்டிஸ் குளோரிடியே என்னும் சிறு குளவி. இது இளம்புழுவைக் கொட்டி, அதன் உடலுக்குள் முட்டையிடுகிறது. புழுவும் பாதுகாப்பற்றதன்று. அந்நியப் பொருள் எதுவும் உட்புகுந்தால், அதன் இரத்த அணுக்கள் அப்பொருளை அடுக்கடுக்காகச் சூழ்ந்து மூடி அழித்துவிடும். அங்ஙனமாயின் குளவியின் முட்டை எவ்வாறு பிழைக்கிறது?

முட்டையுடன் ஒரு திரவத்தையும் குளவி செலுத்துகிறது. அதில் எண்ணற்ற வைரஸ் துகள்கள் உள்ளன. தாய்க்குளவியின் சூலகத்தில் உற்பத்தியாகும் இவை புழுவின் உடலில் பெருகுவதில்லை. ஆயினும் இரத்த அணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இக்குளவியின் நெருங்கிய உறவினமொன்றை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 1981இல் முடிவை வெளியிட்டனர். திரவத்தைக் கழுவி நீக்கிய முட்டைகளைப் புழுவினுள் வைத்தபோது, இரத்த அணுக்கள் அவற்றைச் சூழ்ந்துகொண்டன. பிரித்தெடுத்த வைரஸையும் சேர்த்துச் செலுத்தியபோது முட்டைகள் தப்பின.

காவல் தளர்ந்த புழு குறைவாகவே தின்னும், வளர்ச்சியும் குன்றும். உள்ளே வளர்ந்த குளவிப்புழு வெளிவந்து, அருகிலேயே கூடு கட்டும். காய்ப்புழு பெருத்துச் சேதம் விளைவிக்குமுன் மடிகிறது. இதே குளவி படைப்புழுவையும் தாக்குவது நம் நாட்டில் கண்டறியப்பட்டுள்ளது.

புழுவின் காவலை வென்ற இக்குளவிக்குப் பூச்சிமருந்தை வெல்லும் வழி இல்லை. ஆகவே தெளிக்குமுன் காட்டைச் சுற்றிப் பாருங்கள். சுருங்கிய புழுத்தோலருகே இலையில் ஒட்டிய சிறு வெண்ணிறக் கூடு தென்பட்டால், அதை நசுக்காதீர்கள். அத்தகைய கூடுகள் பல இருப்பின், வேளாண்மை அலுவலரைக் கலந்த பின்னரே மருந்தை எடுங்கள். குளவிக்கு இரை பூந்தேன். நம் மண்ணுக்குப் பழகிய கொத்தமல்லியை ஊடே விதைத்தால், அதன் பூக்கள் குளவியை ஈர்க்கும்.

குளவி எல்லாப் புழுவையும் ஒழித்துவிடாது. சேதம் மிகுந்தால் மருந்து வேண்டியதே. ஆனால் பாராமல் தெளிப்பவர், பணத்தையும் துணையையும் ஒருங்கே இழக்கிறார்.