சுட்ட கோழி: ஆசைக்கும் அளவு உண்டு!

"எண்ணெயே இல்லாத கிரில் சிக்கன்தானே டாக்டர், தினமும் சாப்பிட்டா என்ன?" ரத்தக்கொதிப்புக்காக என்னிடம் வரும் வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி ஒருவர் கேட்டார்.

எண்ணெய் குறைவுதான். ஆனால் மசாலாவில் ஊறிய உப்பு? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொழுப்பு நெருப்பில் சொட்டிக் கிளம்பும் புகையிலும், கருகிய தோலிலும் புற்றுநோயைத் தூண்டக்கூடிய பொருட்கள் உண்டாகின்றன. தொட்டுக்கொள்ளும் மயோனைஸோ பெரும்பாலும் எண்ணெய்தான்! பச்சை முட்டையில் செய்ததை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது.

ஆசையை அடக்கச் சொல்லவில்லை. எப்போதாவது சாப்பிடுங்கள். தோலையும் கருகலையும் நீக்குங்கள். வெங்காயம், வெள்ளரி நிறையச் சேருங்கள். வீட்டிலென்றால் தயிர், மஞ்சள், இஞ்சி, பூண்டில் ஊறவைத்து, மிதமான தணலில் திருப்பித் திருப்பி, உள்ளே நன்றாக வேகும்வரை சுடுங்கள்.

அந்த அன்பர் மாத்திரையை விடவில்லை, உப்பைக் குறைத்தார். இப்போது கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது!