ஒரே பந்தியில் எல்லோரும்!

விடிவதற்கு முன்பே ஆலயத்துக்குப் பின்னால் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பெரிய பெரிய அண்டாக்களில் சோறு. ஒரு பக்கம் ஆட்டுக்கறிக் குழம்பு, இன்னொரு பக்கம் சாம்பார். கத்தரிக்காயும் வெங்காயமும் முந்தின நாள் ராத்திரியே மலைபோல நறுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆராதனை முடிந்து, குருவானவர் ஜெபம் செய்ததும் பந்தி ஆரம்பம்.

தென்மாவட்ட சி.எஸ்.ஐ. சபைகளில் பண்டிகை என்றால் இதுதான் காட்சி. நெல்லைப் பக்கம் இதை 'அசனம்' என்பார்கள். மதுரைப் பக்கம் போனால் 'அன்பின் விருந்து'. இந்த இரண்டு மரபுகளும் கைகுலுக்கிக்கொள்ளும் இடத்தில் இருக்கின்றன ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். ஒரு காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம், 1910-ல் புதிதாக உருவான ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறியது. இன்று விருதுநகர் மாவட்டம்.

அசனத்துக்கு அழைப்பிதழ் தேவையில்லை. பக்கத்துத் தெருக்காரர், சபைக்கே வராதவர், வேறு சாமி கும்பிடுகிறவர் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் இலை விழும். பார்க்கச் சாதாரண சாப்பாடு. ஆனால், இப்படிச் சேர்ந்து உட்காருவதற்கு நம் முன்னோர்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

சோறுதான் பரீட்சை

கிறிஸ்தவம் வந்ததும் சாதி போய்விடவில்லை. ஆலயத்துக்குள்ளேயே ஒரு சாதிக்கு ஒரு பக்கம், இன்னொரு சாதிக்கு வேறு பக்கம் என்று உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் வாய்வைக்கத் தயங்கினார்கள்.

1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர் கொந்தளித்தது. புகழ்பெற்ற கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே அந்த உத்தரவை எதிர்த்து எழுதினார். பலர் சபையை விட்டே விலகினார்கள்.

மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் 1847-ல் இன்னும் கண்டிப்பான வழியை எடுத்தது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, மற்ற சாதியார் சமைத்ததை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. ஜெபம் செய்யவும் பிரசங்கம் பண்ணவும் தெரிந்த உபதேசியார்கள் பலர், அந்த ஒரு கவளச் சோற்றின் முன்னால் தடுமாறிப்போனார்கள். பதவியை இழந்தவர்களும் உண்டு.

கூடாரத்தில் தங்கிய கேம்பிரிட்ஜ்காரர்

வரவேற்பது ஒரு குணம் என்றால், விருந்தாளியாகப் போய் நிற்பதற்கும் ஒரு மனசு வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோவாக இருந்தவர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்தவர். 1854-ல் வட திருநெல்வேலிக்கு வந்து, கரிசல் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கினார். ஊர் ஊராக நடந்தார்.

அவருக்குத் துணையாக நின்றவர்களில் தென் திருநெல்வேலியின் தமிழ்ச் சபைகள் முக்கியம். அந்தச் சபைகளே செலவை ஏற்று, தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. தெரியாத ஊர், தெரியாத முகங்கள். எந்தத் திண்ணையில் இடம் கிடைக்கும், எந்த வீட்டில் தண்ணீர் தருவார்கள் என்று தெரியாமல் நடந்த மனிதர்கள் அவர்கள். ராக்லண்ட் 1858-ல், 43 வயதில், சிவகாசியில் இறந்தார். இந்தப் பகுதியின் பழைய சபைகளின் கதை, அப்படி வாசலில் வந்து நின்றவர்களிடமிருந்து தொடங்குகிறது.

1947 செப்டம்பர் 27-ம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்றாயின. சுதந்திரம் கிடைத்த அடுத்த மாதமே நடந்த இந்த இணைப்பு, உலகத் திருச்சபைகளையே திரும்பிப் பார்க்கவைத்தது. மதுரை - ராமநாதபுரம் திருமண்டிலத்தின் முதல் பேராயரானார் லெஸ்லி நியூபிகின். அப்போது அவருக்கு வயது 37. அங்கி போட்டுப் புத்தகம் பார்த்து ஜெபித்தவர்களும், புத்தகமில்லாமல் ஜெபித்தவர்களும் ஒரே குடும்பமானார்கள்.

ஒரு உலை

இந்தச் சோற்றுக் கதைக்கு அழகான அர்த்தம் சொன்னவர், 'பறட்டை' என்று அன்பாக அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறையையே இசையமைத்தார். பறை உள்ளிட்ட கிராமத்து வாத்தியங்களுக்கு வழிபாட்டில் மரியாதை தேடித்தந்தார்.

அவருடைய சிந்தனையின் மையம் 'ஒரு உலை'. கிராமத்தில் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்பதை எப்படிச் சொல்வார்கள்? 'தனி உலை வச்சிட்டாங்க' என்பார்கள். அப்படியானால், ஒரே உலையில் பொங்கியதைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள்தானே ஒரு குடும்பம்? திருவிருந்தின் பொருளும் அதுவே என்றார் அவர். ஆலயத்துக்குள் ஒரே அப்பம் வாங்கிவிட்டு, வெளியே வந்ததும் தனித்தனி உலை வைத்தால் அது என்ன உறவு என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

இன்னும் திறக்காத கதவுகள்

சில கதவுகள் மெதுவாகத்தான் திறந்தன. சி.எஸ்.ஐ.யில் முதல் பெண் குருவானவராக எலிசபெத் பால் அபிஷேகம் பெற்றது 1976-ல். முதல் பெண் பேராயராக எக்கோணி புஷ்பலலிதா ஆந்திராவின் நந்தியால் திருமண்டிலத்தில் பொறுப்பேற்றது 2013-ல். இடைவெளி 37 ஆண்டுகள்! செங்கல்பட்டு அருகே இ.சி.ஐ. திருச்சபையில் திருநங்கை பாரதி போதகராக நின்றபோது, இதுவரை வாசலோடு நிறுத்தப்பட்டிருந்த பலருக்கும் நம்பிக்கை பிறந்தது.

சில கதவுகள் இன்னும் மூடியே இருக்கின்றன. தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களிலேயே சாதிக்கொரு பகுதி பிரித்திருக்கும் ஊர்கள் உண்டு. சபைத் தேர்தல் வந்தால் சாதிக் கணக்கு முன்னால் வந்து நிற்கும். கல்யாணப் பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரைச் சம்பந்தியாக ஏற்கும்போதுதான் அசனம் முழுமையாகும்.

ஆனாலும் ஒரு நாள் ஒத்திகை என்பது சின்ன விஷயமில்லை. அறுப்பின் பண்டிகையில் ஒரு பாட்டி கொண்டுவந்த முட்டையும், வசதியானவர் கொண்டுவந்த வாழைத்தாரும் ஒரே மேஜையில் ஏலத்துக்கு வருகின்றன. ஒரு முட்டையை நூறு மடங்கு விலை சொல்லி வாங்குகிறார்கள். அந்தப் பாட்டியின் முகத்தில் அப்போது தெரிகிற பெருமைக்கு விலையே இல்லை.

எந்த மதத்துக் குடும்பமாக இருந்தாலும் இதில் எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. புதிதாக வருகிறவருக்கு முதலில் தேவைப்படுவது ஓர் இடம். 'இங்கே உட்காருங்க' என்று கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம்விடும் ஒரு ஆள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம். தனியாக வந்த பெண்ணிடம், 'வீட்டுக்காரர் வரலையா?' என்று கேட்காத நாகரிகம்.

மில் நகரமான ராஜபாளையத்தில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு எல்லா விருந்துமே கடைசிப் பந்திதான். அண்டா காலியாகும் நேரம். பரிமாறிக் களைத்தவர்களும் அந்தப் பந்தியில்தான் சாப்பிட உட்காருவார்கள். முதல் பந்தியில் மரியாதைக்குரியவர்கள் இருக்கலாம். ஒரு சபையின் மனசைத் தெரிந்துகொள்ள, கடைசிப் பந்தியில் குழம்பு மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.