புகைக் குழாய்க்குள் ஒரு தேன்கூடு

நெசவாளரும் விவசாயியும் இன்று மோட்டார் சைக்கிளைப் பெரிதும் நம்பித் தொழில் நடத்துகின்றனர். சூலக்கரையிலிருந்து விருதுநகர்ச் சந்தைக்கு மிளகாய் வற்றல் மூட்டை செல்வதும், நூல் சிப்பம் வீடு வந்து சேர்வதும் அவ்வண்டியில்தான். அதன் எஞ்சினை நாம் அறிவோம். சங்கிலியையும் சக்கரத்தையும் அறிவோம். ஆனால் அதன் புகைக் குழாய்க்குள் மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன ஒரு தேன்கூடு இருப்பதை அங்கத்தினர்களில் பலர் அறியார். அறியாமையால் அதனைக் கழற்றி எறிந்துவிடுவோரும் உண்டு. அக்கூடு எதற்காக வைக்கப்பட்டது, எவ்வாறு செய்யப்படுகிறது, அதனைக் காப்பதால் நமக்கு என்ன நன்மை என்பவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கூட்டின் வேலை

எஞ்சினில் பெட்ரோல் முழுமையாக எரிவதில்லை. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும், எரியாத பெட்ரோல் ஆவியும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் புகையோடு வெளிவருகின்றன. முதலாவது வாயு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைக் கைப்பற்றிக்கொள்வது. மற்ற இரண்டும் வெயிலில் ஒன்றுசேர்ந்து ஓசோன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், நிலத்தின் அருகே பயிருக்குப் பகையாகிறது. இலைத் துளைகளின் வழியே உட்புகுந்து பருத்தி, நெல், கோதுமை முதலியவற்றின் விளைச்சலை அது குறைக்கிறது. ஆகவே இது நகரவாசிகளின் கவலை மட்டுமன்று. நமது வயலின் கவலையுமாகும்.

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் இந்த நச்சுக்களை மாற்றும் ஆற்றல் உடையவை. சூடான புகை அவற்றின்மேல் படும்போது கார்பன் மோனாக்சைடு கரியமிலவாயுவாகவும், பெட்ரோல் ஆவி நீராவியும் கரியமிலவாயுவுமாகவும், நைட்ரஜன் ஆக்சைடு சாதாரண நைட்ரஜனாகவும் மாறுகின்றன. அவ்வுலோகங்கள் இவ்வேலையில் செலவாவதில்லை. ஆயினும் புகை அவற்றைத் தொட்டாக வேண்டும். புகையோ கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடுகிறது. மிகக் குறைந்த இடத்தில் மிகுந்த பரப்பை அமைப்பது எவ்வாறு என்பதே பொறியாளர் முன் நின்ற கேள்வி. அதற்குத் தேன்கூடு விடையாயிற்று.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இச்சாதனம் கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இவ்வுலோகங்களைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதே அங்கு வழங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. பெட்ரோலில் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. ஓசூரிலும் ஒரகடத்திலும் உருவாகிவரும் பெட்ரோல் இருசக்கர வண்டிகளும் இவ்விதிகளுக்கு உட்பட்டவையே.

தகட்டை அடுக்கும் முறை

சிவகாசியிலிருந்து பட்டாசு வந்திறங்கும் அட்டைப் பெட்டியின் விளிம்பை அன்பர்கள் உற்று நோக்குவார்களாக. இரண்டு சமதள அட்டைகளுக்கு நடுவே அலை அலையாக நெளிந்த ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கும். நெளிவுகளுக்கு இடையே வரிசையாகத் துளைகள் தெரியும். இவ்வடிவத்தைக் காகிதத்திற்குப் பதில் உலோகத்தில் செய்தால் அதுவே நாம் கூறும் தேன்கூடு. தேனீயின் அறை ஆறு பக்கம் உடையது. இதன் அறையோ அலை வடிவானது. தோற்றத்தின் ஒற்றுமையால் பெயர் ஒன்றாயிற்று.

இதற்குரிய தகடு இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த கலவை. கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அத்தகட்டைப் பல் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்தினால் அலைபோல் நெளிந்து வெளிவரும். நெளிந்த தகட்டையும் சமதளத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பாயைச் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, ஓர் உருக்குக் குழாய்க்குள் செருகுகின்றனர்.

நெசவாளர் இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். படமரத்தில் தளர்வாகச் சுற்றிய துணி பக்கவாட்டில் நழுவி நீள்வதை அவர்கள் கண்டிருப்பார்கள். எஞ்சினின் புகை ஒரே சீராக வருவதில்லை. விட்டுவிட்டு உதைத்துக்கொண்டு வருகிறது. அவ்வுதையில் சுருளின் நடுப்பகுதி வெளியே துருத்திக்கொண்டு வந்துவிடாதா? வரும் என்பதே அனுபவத்தில் கண்ட உண்மை. அதனைத் தடுக்கவே தகடுகள் தொடும் இடங்களில் நிக்கல் கலந்த பற்றாசு இட்டு, காற்று நீக்கிய உலையில் உருக்கிப் பிணைக்கின்றனர். காற்று இருந்தால் தகட்டின் மேல் ஆக்சைடு படிந்து பற்றாசு ஒட்டாது. சில தொழிற்சாலைகளில் ஒரே சுருளாகச் சுற்றாமல், பல தகடுகளை அடுக்கி, அடுக்கின் இரு முனைகளையும் எதிரெதிராக வளைத்து, ஒவ்வொரு தகட்டின் முனையும் வெளிக்குழாயைத் தொடும்படி அமைக்கின்றனர். அப்போது எந்தத் தகடும் ஆதாரமின்றி நடுவில் நிற்பதில்லை. உஷ்ணத்தால் விரிந்து சுருங்கும்போதும் கூடு பிளவுபடுவதில்லை.

இவ்வாறு பிணைத்த கூட்டை அலுமினா என்னும் மண் கலந்த குழம்பில் தோய்த்து, மிகுதியை ஊதி அகற்றி, உலர்த்திச் சுடுகின்றனர். விலையுயர்ந்த உலோகங்கள் நுண்துகள்களாக இப்பூச்சில்தான் தங்குகின்றன.

கணக்கும் கட்டுப்பாடும்

குறுக்களவு 4 சென்டிமீட்டரும் நீளம் 6 சென்டிமீட்டரும் உள்ள ஒரு கூட்டை எடுத்துக்கொள்வோம். வெறும் குழாயாக இருந்தால் அதன் உட்பரப்பு சுமார் 75 சதுர சென்டிமீட்டர். சதுர அங்குலத்திற்கு 200 துளை வீதம் கூடு அமைத்தால் ஏறக்குறைய 390 துளைகள் உண்டாகும். பரப்பு 1,600 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும். இருபது மடங்குக்கும் அதிக இலாபம்!

அவ்வாறாயின் துளைகளை மேன்மேலும் சிறிதாக்கலாமே என்று கேட்கலாம். இங்குதான் கட்டுப்பாடு வருகிறது. துளையின் அகலத்தைப் பாதியாக்கினால் பரப்பு இரு மடங்காகும். புகைக்கு ஏற்படும் தடையோ நான்கு மடங்காகும். தடை மிகுந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். துளையைப் பெரிதாக்கினாலோ நடுவில் ஓடும் புகை சுவரைத் தொடாமலே வெளியேறும். இரண்டிற்கும் நடுவே அளவு காண்பதே வடிவமைப்பின் கலை. தகடு மெல்லியதாக இருப்பின் வழி அகலும். கூடும் விரைவில் சூடேறும். சுமார் 250 முதல் 300 டிகிரி உஷ்ணம் வந்த பின்னரே இக்கூடு நன்கு வேலை செய்யும் என்பதால் இவ்விரைவும் முக்கியமானது. குலுங்கி ஓடும் இருசக்கர வண்டிக்குப் பீங்கான் கூட்டைவிட உலோகக் கூடு பெரிதும் விரும்பப்படுவதற்கு அதன் உறுதியும் ஒரு காரணம்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை

கூட்டை எடுத்துவிட்டால் வண்டி வேகமாக ஓடும் என்று சில பட்டறைகளில் சொல்வதுண்டு. அதனை நம்ப வேண்டாம். கூட்டின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டே எஞ்சின் அமைக்கப்பட்டிருக்கிறது. எடுத்த கூட்டில் உள்ள உலோகத்திற்கோ நல்ல விலை உண்டு. அவ்விலை வண்டிக்காரர் கைக்கு வருவது அரிது. பழுதின் நிமித்தம் குழாயை மாற்ற நேர்ந்தால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். புகை விதியை மீறிய வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு.

மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் கூட்டை நஞ்சூட்டும். எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கினால் அதன் சாம்பல் துளைகளில் படியும். தீப்பொறிப் பிளக் சரியாக வேலை செய்யாவிடில் எரியாத பெட்ரோல் கூட்டுக்குள் சென்று எரியும். அவ்வெப்பத்தில் தகடே உருகலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காலம் தாழ்த்தாது பழுது பார்ப்பது சிக்கனமாகும்.

இறுதியாக ஒன்று. ஓடி நின்ற வண்டியின் கூடு பல நூறு டிகிரி உஷ்ணத்தில் இருக்கும். வைக்கோல், காய்ந்த சோளத்தட்டை, பஞ்சுக் கழிவு ஆகியவற்றின்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. களத்துமேட்டிலும், பருத்திக் கிடங்கின் வாசலிலும், தறிக்கூடத்தின் ஓரத்திலும் வெறும் தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் நமது வட்டாரத்தில் நெருப்பின் வேகத்தைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.